ஊதிப் பாத்துத்தான் எடுப்போம்

தீயெல்லாம் எங்கயும் பிடிக்கல சார், நீங்க மொதல்ல உக்காருங்க. நீங்க கேட்டது சைரனும் இல்ல. எங்க பொண்ணு ட்ரம்பெட் ஊதினா. ஆமா, உங்க கடைக்குள்ளதான். மாடியில, ட்ரயல் ரூமுக்குள்ள. பிரா போட்டுப் பாக்குறப்போ ஊதிப் பாக்காம, வேற எப்போ சார் ஊதிப் பாக்குறது?

பாத்தீங்களா, அந்த வார்த்தையச் சொன்னதும் மேஜையக் குனிஞ்சு பாக்குறீங்க. மாடி பூரா அதைத்தான் தொங்க விட்டிருக்கீங்க. மேனேஜர்னு சட்டையில குத்திக்கிட்டு வேற நிக்குறீங்க. விக்கும்போது வராத கூச்சம் பேரச் சொன்னா மட்டும் வருதாக்கும். பழகிக்குங்க சார், இன்னும் நிறைய தடவ சொல்லுவேன்.

கோவிச்சுக்காதீங்க. உங்க கஷ்டமும் புரியுது. துணி மாட்டி வச்ச ரெண்டு பொம்மைக்குக் கை போச்சு, ஒண்ணுக்குத் தலையே போச்சு. உங்க செக்யூரிட்டி பதட்டத்துல மணல் வாளியக் கொண்டாந்து கேஷ் கவுண்டர் மேல கொட்டிட்டாரு. ஆம்பளைங்க பக்கம் பேண்ட் போட்டுப் பாத்துட்டிருந்த ஒரு மனுஷன் ஒத்தக் கால உள்ள விட்டுக்கிட்டு, மிச்சத்தக் கையில பிடிச்சுக்கிட்டு, நொண்டியடிச்சே ரோடு வரைக்கும் போயிட்டாரு. நானே பாத்தேன். சிரிக்கல சார், இருமல்.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். அந்த மூணாம் நம்பர் ரூம் கதவ யாரும் தட்டக்கூடாது. உள்ள ஒரு உயிரு தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. வர்றப்போ தானா வரும். பொம்பளைங்க துணி மாத்துற எடம் அது. உங்க ஆளு யாராவது அந்தக் கதவுல கை வச்சா, இப்போ கேட்டதெல்லாம் ஒரு சத்தமேயில்லன்னு ஆயிடும். என் தொண்டைய நீங்க இன்னும் கேட்டதில்ல.

இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பொண்ணுக்கு ஸ்கூல்ல செலக்‌ஷன் சார், எங்கள விட்டுடுங்கன்னு அப்பவே கையெடுத்துக் கும்பிட்டேன். முதலாளி வர்ற வரைக்கும் ஈ காக்கா வெளிய போகக்கூடாதுன்னுட்டீங்க. ஷட்டரையும் பாதி எறக்கிட்டீங்க. இந்த ஒரு செலக்‌ஷனுக்காக ஆறு மாசமா அந்தப் புள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரி, விட மாட்டீங்க இல்ல? அப்போ முழுசாக் கேளுங்க. உங்க முதலாளிக்கு நீங்கதானே பதில் சொல்லணும்.

மணி என்ன சார் ஆகுது? சும்மா கேட்டேன்.

நாங்க வீடு மாத்திக் குடுக்குற வேலை பாக்குறோம். ஒரு வீட்டுல இருக்கிறதையெல்லாம் கட்டி, லாரியில ஏத்தி, இன்னொரு வீட்டுல எறக்கி வைக்கணும். எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுறாரு. நானும் எங்க நாத்தனாரும் கட்டுற ஆளுங்க. நாத்தனார்னா, அவருக்கு அக்கா. கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல, எங்களோடதான் இருக்காங்க. கண்ணாடி, பீங்கான், செவுத்துக் கடிகாரம், மீன் தொட்டி, எதக் குடுத்தாலும் அவங்க கட்டினா கட்டினதுதான். பெட்டியக் கட்டி முடிச்சதும் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பாங்க. உள்ள டிக்குன்னு ஒரு சத்தம் வந்தாலும் போச்சு, மறுபடி பிரிச்சுக் கட்டணும். ஆடுற பொருள்தான் ஒடையும், ஆடாத பொருள் ஊரையே சுத்தி வந்தாலும் ஒடையாது. எங்க வீட்டுல இதுதான் வேதவாக்கு. மத்த வீட்டுக் கொழந்தைங்க அம்மா அப்பான்னு பேச ஆரம்பிக்கும். எங்க வீட்டுப் புள்ள மொதல்ல சொன்ன வார்த்தை, இறுக்கு.

அந்தப் புள்ளைக்கு இப்போ பன்னெண்டு முடிஞ்சிருக்கு. ஸ்கூல் பேண்டுல ட்ரம்பெட். யாரும் சொல்லிக் குடுக்கல சார். ஒரு வீட்டைக் காலி பண்றப்போ இதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுங்கன்னாங்க, இவ எடுத்து வச்சுக்கிட்டா. லாரிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு ஊதுவா பாருங்க, முன்னாடி போற வண்டியெல்லாம் ஒதுங்கி வழி விடும். எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் ஹாரனே அடிக்கல. அதைக் கேட்டுத்தான் பேண்டு மாஸ்டர் இவளக் கூப்பிட்டு சேத்துக்கிட்டாரு. காலையில மைதானத்துல எல்லாப் பிள்ளைங்களும் வரிசையா நிக்கும். இவ ஒரே சுரத்த நீட்டிப் பிடிப்பா. மாஸ்டர் தூக்கின கைய எறக்குற வரைக்கும் விட மாட்டா. எம் பொண்ணுங்கிறதுக்காகச் சொல்லல, தெருவுல போறவன் நின்னு கேட்டுட்டுப் போவான்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் நான் பாத்திரத்தப் பேப்பர்ல சுத்திக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து நிக்குறா. சிம்மிஸ் பத்தலம்மா, ஓடுறப்போ கஷ்டமா இருக்கு, எனக்கும் பிரா வேணும்னா. அத என்கிட்ட வாய் விட்டுக் கேட்டுட்டா சார். எவ்ளோ தைரியம் வேணும். நானெல்லாம் கேக்கவேயில்ல. எங்கம்மா ஒரு நாள் தலகாணி உறைக்குள்ள எதையோ சுத்தி என் கையில திணிச்சு, யாருக்கும் காட்டாதன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் ஏதோ திருட்டு நகைன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் பிரிக்கவேயில்ல. அதனால இவ கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. நாளைக்கே கடைக்குப் போலாம்டின்னேன்.

நாத்தனார் விடல. ஒரு பாடி வாங்குறதுக்கு எதுக்குடி கடை கண்ணின்னு அலையணும், நான் பாத்துக்குறேன்னாங்க. அவங்க இன்னும் பாடின்னுதான் சொல்லுவாங்க. ரோட்டோரக் கடையில ஒண்ண எடுத்துட்டு வந்தாங்க. போட்டுப் பாக்கவும் முடியாது, அளந்து பாக்கவும் முடியாது. மத்தவங்க வீட்டுல என்ன பண்ணுவாங்க? வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசாவே இருக்கட்டும்னு எடுப்பாங்க, இல்லையா? எங்க வீட்டுல எல்லாமே தலகீழ். ரெண்டு சைஸ் சின்னதா எடுத்துட்டு வந்தாங்க. பொண்ண நிக்க வச்சு, முதுகுல கடைசிக் கொக்கி வரைக்கும் இழுத்து மாட்டி, தோள் பட்டியையும் இதுக்கு மேல குறுக்க முடியாதுங்கிற அளவுக்குக் குறுக்கிட்டாங்க. இழுக்குறப்போ ஒரு கால அவ முதுகுல வைக்காதது ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் தோளைப் பிடிச்சு ரெண்டு உலுக்கு உலுக்கினாங்க. பட்டி ஒரு நூல் நகரல. பாஸ்னுட்டாங்க. நானும் தொட்டுப் பாத்துட்டு, ஆமா, நல்லா நிக்குதுன்னேன். கட்டுற ஆளு கண்ணுக்கு அப்படித்தான சார் தெரியும்.

அந்த வாரமே ட்ரம்பெட் படுத்துடுச்சு.

நல்லாத்தான் ஆரம்பிக்கும், பாதியில பஞ்சர் ஆன டயரு மாதிரி உஸ்ஸுன்னு எறங்கிடும். மாஸ்டர் தூக்கின கை அப்படியே நிக்கும், இங்க சத்தம் முடிஞ்சுடும். மொத நாள் சளின்னாரு. ரெண்டாவது வாரம் கவனம் இல்லன்னாரு. அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு, வருஷக் கடைசியில மறுபடி செலக்‌ஷன் வைப்பேன், அன்னைக்கும் இப்படி ஊதினா ட்ரம்பெட்ட இன்னொரு பையனுக்குக் குடுத்துட்டு உன்ன ஜால்ராவுக்கு மாத்திடுவேன்னுட்டாரு. ஜால்ராவுக்கு! எங்க பரம்பரையில கஷ்டப்பட்டிருக்கோம், பட்டினி கெடந்திருக்கோம், யாரும் ஜால்ரா மட்டும் தட்டினதில்ல சார்.

வீடே கூடி யோசிச்சோம். எங்க வீட்டுக்காரர் குத்தமெல்லாம் ட்ரம்பெட்லதான்னு சொல்லி, அதை லாரி எஞ்சின் மாதிரி அக்கு வேற ஆணி வேறாக் கழட்டி முற்றத்துல பரப்பிட்டாரு. உள்ளேருந்து தெர்மாகோல் உருண்டை ஒண்ணு வந்துச்சு. நாங்க பொருள் கட்டுறப்போ பறந்து போய் விழுந்திருக்கு. அடேயப்பா, அதைக் கையில வச்சுக்கிட்டு அவர் பண்ணின அலட்டல் இருக்கே, ஏதோ வயித்துலேருந்து கட்டிய எடுத்த டாக்டர் கெட்டாரு. மறுநாள் ஊதினா. அதே உஸ்ஸு.

அப்புறம் நெசமாவே டாக்டர்கிட்ட போனோம். சட்டையெல்லாம் மாத்தி அவங்க குடுத்த பெரிய அங்கியப் போட்டுக்கிட்டு வரச் சொல்லி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதே அங்கியோட ஒரு குழாயில ஊதச் சொன்னாங்க. ஊதினா பாருங்க, மிஷின்ல இருந்த முள்ளு கடைசிக் கோட்டத் தாண்டி டொக்குன்னு இடிச்சு நின்னுடுச்சு. டாக்டர் மிஷின்தான் ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டு அவரே ஒரு தடவ ஊதிப் பாத்தாரு. பாதி கூடப் போகல, பாவம், முகம் செத்துப் போச்சு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா, என்னத்தான் யாராவது பாக்கணும்னாரு. வெளிய வந்து, பழையபடி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போய் ஊதினா, மறுபடி உஸ்ஸு.

அப்பவாவது எங்க மண்டையில ஒறைக்க வேணாமா? ஒறைக்கல சார். ஆஸ்பத்திரியில வருது, ஸ்கூல்ல வரலைன்னா, வேணும்னேதான் பண்றான்னு முடிவு கட்டிட்டோம். நாத்தனார் திட்டினாங்க, அவர் திட்டினாரு, மாஸ்டர் திட்டினாரு.  முந்தியெல்லாம் அவ லாரியில பின்னாடி ஏறுவா, இப்போ முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டா. அதைப் பாக்கத்தான் எனக்குத் தாங்கல.

எப்போ கண்டுபிடிச்சோம்னு கேக்குறீங்களா? போன ஞாயித்துக்கெழம. குளிச்சுட்டு வந்து, அவங்கப்பாவோட தொளதொளன்னு ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு, வேற எதுவும் மாட்டாம, சும்மா வாயில வச்சு ஊதியிருக்கா. அடுப்படியில பால் பாத்திரம் அதிருது சார். பக்கத்து வீட்டுக்காரர் ஷேவிங் பண்ணிக்கிட்டிருந்தவர் மீசையில பாதிய எடுத்துட்டு சண்டைக்கு வந்துட்டாரு. அவர்கிட்ட நான் மன்னிப்பே கேக்கல, அவர் கையப் பிடிச்சுக்கிட்டு நீங்க நல்லா இருக்கணும்னு அழுதேன். அந்தாளு பயந்து போய் மிச்ச மீசையோடவே திரும்பிப் போயிட்டாரு.

உள்ள போய்ப் பாத்தா, கொடியில அந்தப் பிரா தொங்குது. எடுத்து என் ரெண்டு கையாலயும் விரிச்சுப் பாக்குறேன், விரிய மாட்டேங்குது. அவ முதுகைத் திருப்பிப் பாத்தா, பெட்டியில கயிறு போட்ட தடம் மாதிரி செவசெவன்னு கோடு.  ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா, பெரியவங்க ஆனா மூச்சு கொஞ்சமாத்தான் விடணும்போலன்னு நெனச்சேன்னா.

கொஞ்சம் தண்ணி குடுங்க சார். இல்ல, அழல.

என்ன, என்கூட வந்த இன்னொரு அம்மா எங்கயா? அந்தம்மாவப் பத்தி அப்புறம் சொல்றேன், எங்கயும் போயிட மாட்டாங்க. லாரி உங்க பின் கேட்டுல குறுக்க நின்னுச்சுன்னு பையன் சொன்னானா? எடுத்துட்டாராமே, அப்புறம் என்ன. நான்தான் இருக்கேனே இங்க, ட்ரம்பெட் பெட்டியக் கூடப் பிடுங்கி மேஜை மேல வச்சுக்கிட்டீங்க. போலீஸக் கூப்பிடுறதா இருந்தா இப்போ தொறக்க வேணாம், கை ரேகை அழிஞ்சிடும்பாங்க.

ஆங், இன்னைக்கு. செலக்‌ஷன் இன்னைக்குத்தான், அதனால காலையில வேலைய முடிச்சுட்டு நேரா உங்க கடைக்கு வந்தோம். உங்க சேல்ஸ் பொண்ணு என்ன சைஸ்னு கேட்டுச்சு. தெரியாதும்மா, கடையில மொதோ தடவ வாங்குறோம்னேன். அப்போ ஃப்ரீ சைஸ் எடுத்துக்குங்க, எல்லாருக்கும் சேரும்னுச்சு. எல்லாருக்கும் சேர்ற செருப்பு ஒண்ணு காட்டும்மா பாப்போம்னேன். இல்லக்கா, மொதல்ல இறுக்கும், போடப் போடப் பழகிடும்னுச்சு. அந்தப் பழகிடுமுங்கிற வார்த்தையில எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எது பழகும், பட்டி பழகுமா, புள்ள பழகுமான்னு கேட்டேன். அது பாவம், கவுண்டருக்குப் பின்னாடி போயிடுச்சு.

நாங்களே எறங்கிட்டோம். உங்க ட்ரயல் ரூம் செவுத்துல நீங்களே பெருசா ஒட்டி வச்சிருக்கீங்க, எப்படி அளக்குறது, எப்படிப் போட்டுப் பாக்குறதுன்னு. கடை தொறந்த நாளுலேருந்து ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. எம் பொண்ணு வரி விடாமப் படிச்சா. டேப்ப நாத்தனார் வாங்கி, பழக்க தோஷத்துல பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்தாங்க. அண்ணி, இது பீரோ இல்ல, புள்ளன்னு சொல்லி நான் பிடுங்கிக்கிட்டேன். சும்மா படிஞ்ச மாதிரி வச்சு அளந்தோம்.

மொதல்ல லேசு வச்சது. மாட்டின ஒடனே அரிக்குதுன்னுட்டா. அடுத்தது கம்பி வச்சது. நாத்தனார் அந்தக் கம்பியத் தடவிப் பாத்து, பெட்டிக்குத் தகடு அடிச்ச மாதிரி என்ன நேர்த்தின்னு சொக்கிப் போயிட்டாங்க. இவ ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சா, கழட்டிக் குடுத்துட்டா. அப்புறம் ஸ்பாஞ்சு வச்சது. அதைப் பாத்ததும் நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாருடி, இதுல உள்ளயே பேக்கிங் பண்ணிக் குடுத்துட்டான்னாங்க. அதுல வேர்த்துப் போச்சு புள்ளைக்கு.

கடைசியா ஒண்ணு. ஒரு அலங்காரமும் கெடையாது, மெத்துன்னு பருத்தித் துணி, அகலமான பட்டி. யாருமே எடுக்க மாட்டாங்கபோல, அடியில கெடந்துச்சு. செவுத்துல எழுதியிருந்த மாதிரியே புதுசை மொதோ கொக்கியில, அதாவது லூசான கொக்கியில மாட்டினோம். துணி தளரத் தளர அடுத்த கொக்கிக்குப் போயிக்கலாமாம். பட்டிக்கு அடியில என் ரெண்டு விரல் தாராளமாப் போச்சு. கையத் தூக்கச் சொன்னேன், பட்டி மேல ஏறல. குனியச் சொன்னேன், தோள்லேருந்து வழியல. எப்படிடி இருக்குன்னேன்.

ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கும்மா, இது தப்பான்னு கேட்டா.

நாத்தனார் ஒடனே, அப்போ லூசு, உள்ள ஆடும், சின்னது எடுன்னாங்க. நான் வேணாம்ங்கிறேன். அவங்க வேணும்ங்கிறாங்க. புள்ள நடுவுல நின்னுக்கிட்டு, தெரியலையே, எனக்குத் தெரியலையேங்கிறா. அவளுக்கு எப்படி சார் தெரியும்? ஆறு மாசமா இறுக்கத்தத் தவிர வேற எதையும் போட்டதில்ல. உங்க போர்டு வேற எதிர்ல முறைக்குது, உள்ளாடை திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாதுன்னு. வீட்டுக்குப் போய்ப் பாத்து, சரியில்லன்னு வர முடியாது. அதுக்குள்ள செலக்‌ஷனும் முடிஞ்சிடும். நீங்களே சொல்லுங்க, தேங்காய வாங்குறவன் தட்டிப் பாக்குறதில்லையா? நாங்க ஊதிப் பாத்தோம்.

ஊதுடின்னேன். எங்க ஊதுறதும்மா, இங்கயான்னா. இங்கதான்டி, மாஸ்டர் முன்னாடி நிக்குறதா நெனச்சுக்கன்னு சொல்லி என் கைய மேல தூக்கிப் பிடிச்சேன். கைய நான் எப்போ எறக்கினேன்னு எனக்கே தெரியல சார். சத்தம் ஆரம்பிச்சதும் நான் நானா இல்ல. மேல இருந்த லைட்டு ஆடுது, கண்ணாடி அதிருது. வெளிய யாரோ தீ தீன்னு கத்துறாங்க, பொம்மையெல்லாம் சாயுது, ஜனம் படியில உருளுது. எங்க மூணு பேருக்கு மட்டும் ஒண்ணும் கேக்கல. அந்த ஒரே சுரம்தான் கேட்டுச்சு.

மணி என்ன சார்? நாலே காலா? உங்க கடிகாரம் சரியா ஓடுதா? நல்லது. போன் அடிக்குது, எங்க வீட்டுக்காரர்தான், ஒரு நிமிஷம் இருங்க.

ஹலோ... சொல்லுங்க... சத்தமாப் பேசுங்க, கேக்கல... இன்னுமா? மாஸ்டர் கைய எறக்கிட்டாரா? என்ன, எறக்கியும் நிறுத்தலையா! அவர் என்ன பண்றாரு? பெஞ்சுல உக்காந்துட்டாரா... போனக் கிட்ட கொண்டு போங்க, கிட்ட... அடியே எந் தங்கமே...

இந்தாங்க சார், நீங்களே காதுல வச்சுக் கேளுங்க.

கேட்டீங்களா? எங்க பொண்ணுதான். பேய் மாதிரிப் பாக்காதீங்க. நான் எப்போ சார் பொண்ணு உள்ள இருக்கான்னு சொன்னேன்? கதவத் தட்டாதீங்கன்னுதான சொன்னேன். ஜனமெல்லாம் படியில எறங்கி ஓடுச்சே, அந்தக் கூட்டத்தோட அவளும் எறங்கி, பின் கேட்டு வழியா லாரியில ஏறிப் போயிட்டா. பின் வாசல்ல உங்க திருட்டு பிடிக்கிற மிஷினு கீ கீன்னு கத்தினதுக்குக் காரணம் அவதான், விலைச் சீட்டு முதுகுலயே தொங்குது. இந்தப் பெட்டி காலி சார். நீங்க தூக்கி மேஜையில வச்சப்போ எனக்குப் பக்குன்னுச்சு, எங்க தொழில்ல இருக்கிறவனா இருந்தா தூக்கின ஒடனே கண்டுபிடிச்சிருப்பான். எனக்கும் ஆசைதான் சார், அந்த மைதானத்துல நின்னு கேக்கணும்னு. ஆனா ஒருத்தி இங்க உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாத்தான நீங்க ஸ்கூலுக்கு ஆள் அனுப்ப மாட்டீங்க.

அப்போ உள்ள யாருன்னா கேக்குறீங்க? எங்க நாத்தனார்.

புள்ள ஊதுறதுக்கு முன்னாடி மூச்ச இழுத்தா பாருங்க. இழுத்தா, இழுத்தா, இழுத்துக்கிட்டே இருந்தா. நாத்தனார் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. எங்கிட்டத் திரும்பி, மெல்ல, ஏன்டி, மூச்சு அவ்ளோ தூரமாடி உள்ள போகும்னு கேட்டாங்க. அவங்களுக்கு நாப்பத்தாறு வயசு சார். அவங்கம்மா அவங்களுக்கு எப்படிக் கட்டி விட்டாங்களோ, அப்படியேதான் இன்னைக்கு வரைக்கும்.  என் தோளத் தொட்டு, நான் அந்தப் புள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கேன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. கீழ நீங்கல்லாம் படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. புள்ளையக் கூட்டத்தோட தள்ளி விட்டதே அவங்கதான். நீ போய் மேனேஜர்கிட்ட பேசிக்கிட்டிரு, உனக்குப் பேசச் சொல்லியா குடுக்கணும், நான் உள்ள இருந்துக்குறேன்னாங்க. சொல்லிட்டு, உங்க சேல்ஸ் பொண்ணு போட்டுட்டு ஓடின பெட்டியெல்லாத்தையும் அந்த டேப்பையும் உள்ள இழுத்துப் போட்டுக்கிட்டு தாழ்ப்பாள் போட்டாங்க.

தட்டாதீங்க சார். இப்போத்தான் செவுத்துல இருக்கிறத எழுத்துக் கூட்டிப் படிச்சு, அவங்களே அவங்கள அளந்துக்கிட்டிருப்பாங்க, நிதானமாப் பாக்கட்டும். ரெண்டுக்கு பில் போடுங்க. ஒண்ணு லாரியில போயிடுச்சு, இன்னொண்ணு என்ன சைஸுன்னு அவங்க வெளிய வந்து சொல்லுவாங்க. அது வரைக்கும் எனக்கு ஒரு டீ சொல்லுங்க, தொண்ட காஞ்சு போச்சு.